கண்ணாடிக் கட்டடம்

இயற்கைக் காற்று வரும் கட்டடங்களைத்தான் வரைவது என்பதில் பிடிவாதமாக இருந்தவர் கட்டடக் கலைஞர் மகதலேனா. 1993இல் மலேசியாவின் கிள்ளான் நகரில் ஏழு மாடி அலுவலகம் ஒன்றுக்கும் அப்படியே வரைந்தார். கட்டுபவரோ நாலு பக்கமும் திறக்காத கண்ணாடி கேட்டார்.

"நீ சைன் பண்ணலன்னா வேற ஆளு பண்ணுவான்லா," என்றார் அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் முதலாளி தியாகராஜன். படுக்கையில் கிடக்கும் கணவரின் மருந்துச் செலவை நினைத்து, மகதலேனா கையெழுத்துப் போட்டார்.

கட்டி முடிந்ததும் அவர்கள் அலுவலகமே அங்கு குடிபோனது. ஒரு மதியம் கரண்ட் போய், ஏர்கோன் நின்றது. அறை கொதித்தது.

"அக்கா, ஜன்னலை எப்படித் தொறக்கிறது?" என்று தட்டச்சர் விசாலம் கேட்டாள்.

"தொறக்காதும்மா. நான்தான் அப்படி வரைஞ்சேன்," என்றார் மகதலேனா. மேசையில் செராஸ் பகுதியில் அடுத்துக் கட்டப்போகும் கட்டடத்தின் வரைபடம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதிலும் சுற்றிலும் கண்ணாடிதான்.