பச்சை இல்லையென்றால் பயமில்லை

“சார், பாஞ்சாலை அக்காகூட கண்ணாஸ்பத்திரிக்கு நீங்க வரணும். லேசர்தான் பட்டுதுன்னு டாக்டர்கிட்ட உங்க வாயால சொல்லணும்.”

எம்.எஸ்ஸி. முடியுற வரைக்கும் சாரிடம் எதையும் கேட்டுவிடாதே என்று, பெண்ணாடத்தில் பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம் அம்மா சொல்வாள். எங்கள் வூட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டுவிட்டேன்.

என் ப்ராஜெக்ட் கைடு ஆதிநாராயணன் சார் தராசில் தூள் நிறுத்துக்கொண்டிருந்தார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் கேரியர் செய்யும் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறைதான் எங்கள் லேப். சூளையில் சுட்டெடுத்த வில்லையில் இட்டர்பியம், எர்பியம் என்று இரண்டு அரிய உலோகங்கள் கலந்திருக்கும். அதன்மேல் அகச்சிவப்பு லேசரை விடுவோம். கண்ணுக்கே தெரியாத ஒளி. இட்டர்பியம் அதை வாங்கி எர்பியத்துக்குத் தள்ளும். எர்பியம் ஒரு படி ஏறும். அடுத்த ஒளித்துணுக்கு வந்ததும் இன்னொரு படி. இறங்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரே பச்சையாகக் கக்கும். இருட்டில் கிளிப்பச்சையாக ஒரு பொட்டு.

அதைப் பார்க்கவே, கூட்டித் துடைக்க வரும் பாஞ்சாலை அக்கா வேலை முடிந்தும் நிற்பார். “கிட்ட வரலாமா பாப்பா?” என்று கேட்டபோது எனக்கு அவசரம். “பச்ச தெரிஞ்சா வராதீங்க. பச்ச இல்லன்னா பயமில்ல” என்றேன்.

வில்லை இருந்தால்தானே பச்சை? போன திங்கட்கிழமை வில்லை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. லேசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பச்சை இல்லையே என்று அக்கா மேசையைத் துடைக்கக் குனிந்திருக்கிறார்.

இடது கண் அவருக்கு முன்பே மங்கல். வலது கண்ணில் இப்போது நட்டநடுவே ஒரு கறுப்பு. எதிரில் நிற்பவருக்குக் காது தெரிகிறதாம், முகம் இல்லையாம். “எல்லார் மூஞ்சியையும் யாரோ அழிச்சிட்டாங்க பாப்பா” என்று சிரிக்கிறார். “நான் எதையாச்சும் ஒடச்சிட்டனா?” என்று வேறு கேட்கிறார். சூளை அனல் பட்டுவிட்டது என்று சார் சொன்னதை நம்பி, டாக்டர் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். விழித்திரையைப் பார்க்கவேயில்லை.

“லேசர்னு சொன்னா லேபை மூடிருவாங்கம்மா. உன் ப்ராஜெக்ட்டும் போயிடும்.”

“போவட்டும் சார்.”

“பச்சை இல்லன்னா பயமில்லன்னு சொன்னது யாரு? நானா?”

கண்ணுக்குத் தெரியாத ஒளியின் ஆபத்தைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், அக்காவுக்கு ஒரு வரி சொன்னேன். துடைக்கிறவருக்கு இது போதும் என்று நினைத்தேன். இந்தப் புள்ளைக்கு இது போதும் என்று என்னைச் சொன்னவர்களோடெல்லாம் சண்டை போட்டவள் நான்.

“நான்தான் சார். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.”

“அவசரப்படாத. மொதல்ல அந்தம்மாகிட்ட பக்குவமா...”

“காலையிலயே சொல்லிட்டேன்.”

சார் நிமிர்ந்தார். “என்ன சொன்னாங்க?”

“என் மூஞ்சியப் பாக்கத் தலையச் சாச்சிச் சாச்சிப் பாத்தாங்க. அப்பறம் ஆஸ்பத்திரிக்குன்னு பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கிறாங்க. வரீங்களா?”

அவர் மறுபடி தராசின் பக்கம் குனிந்தார். நான் ஓடிக்கொண்டிருந்த லேசரை அணைத்தேன், செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.