மூடாத கடைக்கு ஒரு லிங்க்

அண்ணியை வேலையை விட வைத்தது கொழுந்தன்தான். "கம்பெனியில ஜிப் தைச்சுத் தைச்சு என்னத்தக் கண்டீங்க? தனியா கடை போடுங்க அண்ணி. வெப்சைட்ட நான் பாத்துக்கறேன்" என்று வாய்ச்சவடால் அடித்தான். அண்ணியும் நம்பிவிட்டாள். சந்துக்குள்ளே, டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே, இரண்டு தையல் மெஷினைப் போட்டால் ஆள் நிற்க இடமில்லாத அறை. பை, பூட்ஸ், கூடாரம், எதில் ஜிப் போனாலும் சரி செய்து தரும் கடை. மழைக்காலம் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்பிவிடுவது என்று அண்ணனோடு பேச்சு. அதனால் கொழுந்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெப்சைட் என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் நெட்டில் தேடினால் ஐந்தாம் பக்கத்தில் கிடந்தது. ஐந்தாம் பக்கம் வரை போக யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதற்குள் புதுப் பையே வாங்கிவிடுவார்கள்.

"நம்ம கடை ஏன் தம்பி அவ்வளவு பின்னாடி நிக்குது?" என்று கேட்டாள் அண்ணி.

"மத்தவங்க சைட்ல நமக்கு லிங்க் போட்டாதான் முன்னாடி வரும் அண்ணி. நாலு பேரு நல்லவிதமா சொன்னாதானே ஒருத்தர நம்புறோம், அந்த மாதிரி."

"அப்ப நாலு பேருகிட்ட கேளு."

கேட்டான். ஒருவரும் சட்டை செய்யவில்லை. பிறகுதான் அவனுக்கு மூளை வேலை செய்தது. மற்றவர்கள் வெப்சைட்டில் செத்துப்போன லிங்க் ஏதாவது இருக்கிறதா என்று துருவ ஆரம்பித்தான். மலையேறுகிறவர்களின் சங்கத்துப் பக்கத்தில் ஒன்று மாட்டியது. பூட்ஸும் ஜிப்பும் ரிப்பேர் செய்கிற ஒரு கடையின் லிங்க்; அழுத்தினால் வெறும் வெள்ளைப் பக்கம். உடனே எழுதினான்: 'அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அதற்குப் பதிலாக எங்கள் கடையைப் போடலாம்.' சங்கத்துக்காரர் நன்றி சொல்லி மாற்றியும் விட்டார். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அதே லிங்க் இருந்த சைக்கிள் சங்கம், நீச்சல் குளம், பள்ளிக்கூடம் என்று ஒரு இடம் விடாமல் அதையே எழுதித் தள்ளினான்.

கடை முதல் பக்கத்துக்கு வந்தது. பைகள் வந்தன. இரண்டாவது மெஷின் மேல் இருந்த தூசியை அண்ணி துடைத்தாள்.

ஒரு நாள் காலையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஹெல்மெட்டும் கையுமாக வாசலில் நின்றார்.

"என் கடைய மூடிட்டீங்களாம்ல. சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கொழுந்தன் பேயறைந்தவன் போல நின்றான். வந்தவர் அந்தப் பூட்ஸ் கடைக்காரர். வெப்சைட்டின் பெயருக்கு வருஷப் பணம் கட்ட மறந்திருக்கிறார், அவ்வளவுதான். "நேத்து பழைய கஸ்டமர் ஒருத்தரு நடுரோட்ல என் தோள்ல கை வச்சு ஆறுதல் சொல்றாரும்மா. சங்கத்துல விசாரிச்சா உங்க கடையக் காட்டுறாங்க" என்றார்.

அண்ணி கையிலிருந்த ஜிப் ரன்னரைக் கீழே வைத்தாள். "கடை மூடியிருக்கான்னு நீ போய்ப் பாத்தியா தம்பி?"

"இல்ல அண்ணி. சைட் மூடியிருந்துச்சு."

"எல்லாருக்கும் எழுது. அவரு கடை இருக்குன்னு சொல்லி, அவரு லிங்க்கத் திரும்பப் போடச் சொல்லு. நம்மளத எடுத்தாலும் எடுக்கட்டும்."

"எடுத்தா மறுபடி அஞ்சாம் பக்கம் அண்ணி."

"தெரியுது. எழுது."

குரல் ஏறவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. அங்கேயே உட்கார்ந்து, அவர் வெப்சைட்டையும் உயிர்ப்பித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் 'என் தவறு' என்று எழுதினான். அண்ணி மறுபடி கம்பெனி வாசலில் நிற்பது கண்ணுக்குள்ளேயே இருந்தது.

பூட்ஸ்காரர் இதையெல்லாம் விட்டுவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு பெரிய கூடாரத்துக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். இடம் போதாததால் கூடாரத்தின் மறுபாதி பல் டாக்டர் வாசல் பெஞ்சில், பல்வலிக்காரர் ஒருவர் மடியில் கிடந்தது.

"கூடாரமெல்லாம் எடுக்குறீங்களா? அதப் பாத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்துரும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மழை நின்றது. சங்கத்துக்காரர்கள் இரண்டு லிங்க்கையும் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் அண்ணியுடையதை எடுத்துவிட்டது. கொழுந்தன் பயந்துகொண்டே தேடிப் பார்த்தான். முதலில் பூட்ஸ்காரர். அடுத்ததாக அண்ணி. அவர் பக்கத்தைத் திறந்தான். உச்சியிலேயே எழுதியிருந்தார்:

'பூட்ஸ் என்றால் என்னிடம் வாருங்கள். கூடாரம், பை, எந்த ஜிப்பாக இருந்தாலும் பல் டாக்டர் பக்கத்துக் கடை அம்மாவிடம் கொடுங்கள். கடை திறந்திருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.'