இடது பக்கம் திரும்பாத வண்டி

அவரைப் பல்செட்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து, அடுத்தவர் வாய்க்குப் பொருந்தும்படி பல் செட் செய்து தருவது அவர் வேலை. இம்மியளவு உயரம் கூடினாலும் தாடை வலிக்கும் என்று டாக்டருக்கே பாடம் எடுப்பார். அப்படிப்பட்டவருக்குக் கார் விஷயத்தில் மட்டும் புத்தி எங்கே போயிற்று என்று அவர் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் சகலையால் வந்தது. மனைவியின் தங்கையைக் கட்டியவன். வயதில் சின்னவன், வசதியில் பெரியவன். அவனுடைய புது வீட்டைப் படம் எடுக்க ஆள் வந்திருந்த அன்று, வாசலில் நின்ற பல்செட்காரரின் பழைய காரைக் காட்டி, "சகலை, தப்பா நெனச்சுக்காதீங்க, படத்துல விழுது. கொஞ்சம் தெருமுனையில விட்டுடுறீங்களா?" என்றான்.

தெருமுனையில் கொண்டுபோய் விட்டார். ஆனால் அந்தச் சொல் மனத்தில் முள்ளாய்த் தைத்துவிட்டது. அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போனால் ஒரு வாய் காப்பியோடு எழுந்துவிடுவார். "அவசர வேலை" என்பார். பல் செட்டில் அப்படி என்ன அவசரம் என்று யாரும் கேட்டதில்லை.

டயர்கள் வழுக்கையாகிப் புதிது மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. மனைவியையும் அழைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனார்.

"இந்த வண்டிக்குப் பதினாலு இஞ்ச் சார்" என்றார் கடைக்காரர்.

பல்செட்காரரின் கண் சுவரில் போய் நின்றது. அங்கே ஒரு கறுப்பு அலாய் வீல், ஒவ்வொரு கம்பியும் கத்தி மாதிரி மின்ன, தொங்கிக்கொண்டிருந்தது.

"அது?"

"அது பதினேழு."

"இதுக்குப் போடலாமா?"

கடைக்காரர் காரைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "ஆசைப்பட்டா போட்டுடலாம் சார்."

"ஏங்க, அடுத்தவங்க வாயை அளவெடுக்காம பல்லு மாட்டுவீங்களா?" என்றாள் மனைவி.

"இது பல்லு இல்ல, டயரு" என்று அவள் வாயை அடைத்தார்.

ஜாக்கி ஏறியது. பழைய சக்கரங்கள் கழன்றன. புது டயர்களை ரிம்மில் ஏற்றி, மெஷினில் சுழற்றி, ஈயத்துண்டு ஒட்டிச் சமன் பார்த்தார்கள். கார் தரையில் இறங்கியபோது பல்செட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கிழட்டு வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

கடை வாசலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால், என்றோ கம்பத்தில் இடித்து நெளிந்த மட்கார்டில் டயர் உரசிக் கரகரவென்று கத்தியது.

"முழுசா ஒடிக்காம ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

தங்கள் சந்துக்குள் இடது பக்கம் ஒடிக்க முடியாமல் அவர் ஊரைச் சுற்றி மறுமுனை வழியாக வந்து சேர்வதற்குள், சந்து முனையில் இறங்கிக்கொண்ட மனைவி வீட்டைத் திறந்து உலையே வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போக அவரே கிளம்பினார். கேட்டுக்குள் நேராக ஓட்டிக்கொண்டுபோய், எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தினார். சகலை வெளியே வந்தான். சக்கரங்களைச் சுற்றி வந்தான். முகம் லேசாகச் சுண்டியது.

"என்ன சகலை, அமர்க்களம் பண்ணிட்டீங்க!"

"டயர் தேஞ்சிடுச்சு. சும்மா மாத்தினேன்" என்றார் பல்செட்காரர். வாயெல்லாம் பல். காப்பியைக் குடித்துவிட்டு அதே கெத்தோடு கிளம்புவதுதான் திட்டம்.

கிளம்பலாம் என்று திரும்பிப் பார்த்தார். சகலையின் நண்பர் ஒருவரின் வேன் பின்னால் ஒட்டி நின்றது. வெளியேற ஒரே வழிதான்: இடது பக்கம் முழுக்க ஒடித்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரவேண்டும். அத்தனை பேருக்கு முன்னால், கரகரவென்று.

வேனை எடுக்கச் சொல்லலாம். "இவ்ளோ இடம் இருக்கே, சுத்தி வாங்க" என்று சகலை சொன்னால்?

"கிளம்பலாமா?" என்றாள் மனைவி வேண்டுமென்றே.

"இரேன். வராதவங்களா வந்திருக்கோம்" என்றார்.

கொழுந்தியாள் நெகிழ்ந்துபோனாள். "மாமா சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அடுப்பைப் பற்றவைத்தாள். சாப்பிட்டார். வேன்காரர் தின்ற களைப்பில் சோபாவிலேயே குறட்டை விட்டார். பல்செட்காரர் சகலையோடு கேரம் ஆடினார், தோற்றார், இன்னொரு ஆட்டம் என்றார். சகலையின் மாடித்தோட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு செடியையும் விசாரித்தார். சாயங்காலம் வேன்காரர் ஒருவழியாக எழுந்து, முகம் கழுவி, வண்டியை எடுத்தார். பல்செட்காரர் நேராகப் பின்னால் உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். மானம் தப்பியது. வழியெல்லாம் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாளே கடைக்குப் போய்ப் பதினாலு இஞ்ச் மாட்டச் சொன்னார்.

"இது ஒத்து வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றார் கடைக்காரர்.

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ரொம்பச் சந்தோஷமா இருந்தீங்க."

இப்போது கார் எல்லாப் பக்கமும் சத்தமில்லாமல் திரும்புகிறது. அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி போனை வைத்தாள்.

"தங்கச்சிதான். நீங்க மனசு விட்டுப் பழகினதுல அவ புருஷனுக்குக் கண்ணே கலங்கிடுச்சாம். இனிமே ஞாயித்துக்கிழமைன்னா நாம அங்கதானாம். வரோம்னு சொல்லிட்டேன்."

பல்செட்காரர் வாயைத் திறந்தார். அவசர வேலை என்று சொல்லத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி லீவு என்பது அவளுக்குத் தெரியும்.