வங்கியின் குரல்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகல் வங்கியின் கணினிகள் நின்றுபோனபோது, கண் மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை பார்த்த ஒரு பெண்மணியின் குரல், தொண்டையை விட்டுக் கிளம்பி டெலிபோனுக்குள் போய்விட்டது. வங்கி சில நாட்களில் மறுபடி திறந்தது. குரல் திரும்பவில்லை.

குரல் அந்த வழியாகப் போனதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் வங்கியின் மேலாளர் கண்ணாடி மாற்றிக்கொள்ள அந்த மருத்துவமனைக்கு வந்தார். "அடுத்தவங்க வரலாம்" என்று அவள் கூப்பிட்டதைக் கேட்டார். இந்தக் குரல் காத்திருக்கச் சொன்னால் யாரும் முகம் சுளிக்காமல் காத்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் குளிரான ஓர் அறையில் உட்காரவைத்து, "தயவுசெய்து காத்திருக்கவும்", "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்றெல்லாம் படிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். சன்மானமாக ஒரு மேசைக் கடிகாரம் கிடைத்தது, அது முதல் வாரமே நின்றுவிட்டது. அப்போது அவளுடைய கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் தனியாக இருப்பான். அம்மா வரத் தாமதமானால் வங்கிக்குப் போன் போட்டு, காத்திருக்கவும் காத்திருக்கவும் என்று அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவான். அந்த வங்கியில் அவனுக்குக் கணக்குகூடக் கிடையாது. அவளுக்கு வயதானது, முடி நரைத்தது, முட்டி வலி வந்தது. வங்கியில் இருந்த குரல் மட்டும் முப்பது வயதிலேயே நின்றுகொண்டது.

பையன் வளர்ந்து, ஒரு நாள் தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்தான். அந்தப் பெண் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதற்குள் இவள், "இவ உன்கூட நாலு மாசம் தாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எல்லோரையும் அன்பாகக் கூப்பிட்டே சம்பளம் வாங்கியவள், சொந்த வீட்டு வாசலில் நாக்கில் சனி வந்து உட்கார இடம் கொடுத்துவிட்டாள். அவர்கள் அவளைக் கூப்பிடாமலே கல்யாணம் செய்துகொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனார்கள். ஆறு வருஷம் ஒரு பேச்சும் இல்லை. ஒரு பேத்தி பிறந்த செய்திகூட மருத்துவமனைக்கு வந்த யாரோ சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாததால், சில நாட்கள் அவளும் வங்கிக்குப் போன் போட்டுத் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பேத்திக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மகன் வீட்டுக் கதவைத் தட்டி, "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா" என்று சொல்லிவிடுவது. கண்ணாடி முன் நின்று பல தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் 'தப்பு' என்ற இடத்தில் வாக்கியம் நின்றுவிட்டது. வாக்கியத்தை அப்படியே தொண்டையில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். கடைசி நேரக் கூட்டம், வண்ண விளக்குகள், இழுபடும் குழந்தைகள். துணிக்கடையில் தொப்பி வைத்த சின்னச் சிவப்பு மழைக்கோட்டு ஒன்றை எடுத்தாள். பேத்தியின் உயரம் தெரியாததால், வரிசையில் முன்னால் நின்ற ஒரு குழந்தையை வைத்து அளவு பார்த்துக்கொண்டாள். பணம் கட்டும் இடத்துக்கு வந்தபோது கார்டு தேய்க்கும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. வங்கி படுத்துவிட்டது.

கடையில் இருந்த எல்லோரும் வங்கிக்குப் போன் போட்டார்கள். தெருவில் இருந்தவர்களும் போட்டார்கள், பக்கத்துத் தெருக்காரர்களும் போட்டார்கள். நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் அழைத்ததில், பதிவு செய்து வைத்திருந்த குரல் அத்தனை பேருக்கும் போதவில்லை. போதாத மிச்சத்தை வங்கி அவளிடமிருந்தே எடுத்துக்கொண்டது. "வேற வழி இல்லையாம்மா, நான் நாளைக்கு..." என்று கல்லாப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, பாதியில் காற்றுதான் வந்தது. சுற்றிலும் ஒவ்வொரு காதோரத்திலும் அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருவர் கெஞ்சினார். அது நான்தான் என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை. அவ்வளவு கூட்டத்தின் நடுவில் அவளைப் போலத் தனியாக யாரும் நின்றிருக்க மாட்டார்கள். கல்லாப் பெண் மழைக்கோட்டை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள்.

இருட்டும் நேரத்தில் அவள் தொண்டையில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். வங்கி அதையும் இழுத்துக்கொண்டது. போனைக் காதில் வைத்துக் காத்திருந்த அத்தனை பேரும், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்பதற்கும் அதைத் தொடர்ந்த இசைக்கும் நடுவே, "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா" என்று ஒரு பெண் சொல்வதைத் தெளிவாகக் கேட்டார்கள். வங்கி கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டது என்று பலர் நினைத்தார்கள். சிலர் வங்கியை மறந்து, பேசாமல் விட்டிருந்த அண்ணனுக்கோ சிநேகிதிக்கோ போன் போட்டார்கள். அப்படி எந்தப் பதிவும் தங்களிடம் இல்லை என்று வங்கி பிறகு அறிக்கை விட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெறுங்கையோடும் வெறும் தொண்டையோடும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அவள் தன் அறைக்குத் திரும்பி, விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. "அம்மா" என்றான் மகன். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. "சரி, நான் லைன்லயே இருக்கேன்" என்றான். இருவரும் மூச்சுவிடுவது மட்டும் இருவருக்கும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "அவளுக்கு இன்னும் மனசு ஆறலம்மா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வைத்தான்.

டாக்டர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். மருத்துவமனையில் அவளுக்கு ஒரு சின்ன மேசை மணி வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது நோயாளிகளை மணி அடித்துத்தான் கூப்பிடுகிறாள், அடித்துவிட்டு பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். விட்டுவிட்டுப் போனால் மருந்துக் கவுன்டர்க்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார் என்று அந்த மணியை தினமும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். வங்கி திறந்த அன்றே மழைக்கோட்டையும் வாங்கிவிட்டாள். வருஷா வருஷம் கடைக்குக் கொண்டுபோய் அடுத்த அளவுக்கு மாற்றிக்கொள்வாள். போட்டுப் பார்க்காத உடுப்பாயிற்றே, கடைக்காரர்களும் மறுப்பதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தைய நாள் மகன் போன் போடுவான். லைனில் இருப்பான். வைத்துவிடுவான்.

போன வருஷமும் அடித்தது. எடுத்தாள். இந்த மூச்சு மகனுடையது இல்லை என்று உடனே தெரிந்தது.

"நான்தான்" என்றாள் மருமகள். "நாலு மாசம்னு சொன்னீங்க. பத்து வருஷம் ஆச்சு அத்தை."

அவள் வாய் திறந்து திறந்து மூடியது. உலகத்தில் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல முடியவில்லை. தடவித் தடவிக் கைப்பையைத் திறந்து, மணியை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை அடித்தாள். மருத்துவமனையில் அதற்கு, அடுத்தவங்க வரலாம் என்று அர்த்தம்.

"கேட்டுச்சு" என்றாள் மருமகள். "அன்னைக்கு பேங்க் போன்ல சொன்னீங்களே, அதுவும் கேட்டுச்சு. ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு." அந்தப் பக்கம் யாரோ ஒரு சின்னப் பெண், மழை வருமா, குடை எடுக்கணுமா என்று கேட்பது காதில் விழுந்தது. "வீட்டுலயே இருங்க, வர்றோம்" என்று சொல்லிவிட்டு மருமகள் போனை வைத்தாள்.

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உதறினாள். குரல் வங்கியில்தான் இருக்கிறது, இப்போது கூப்பிட்டாலும் கேட்கலாம்.