முயல் தந்த கோடு

மூன்றாவது முறையும் கோடு விழவில்லை.

அவள் அந்த மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். தசை நோய் என்று சந்தேகப்படுகிறவர்களின் தொடையிலிருந்து சுண்டுவிரல் நகமளவு சதையை எடுத்து அனுப்புவார்கள். அதை அரைத்து, புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைச் சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடி கலந்த கரைசலில் ஊறவைப்பாள். தேடுகிற புரதம் இருந்தால் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் அந்த இடத்தில் கறுப்புக் கோடு தெரியும். இல்லையென்றால் வெறும் வெள்ளை. வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பத்து வயதில் சக்கர நாற்காலி. அப்புறம் மூச்சு.

குப்பியின் மேல் எண் மட்டும்தான் இருந்தது. ஆனால் சீட்டில் பெண், ஏழு வயது, வலது தொடை, செவ்வாய்க்கிழமை. அன்று அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றவளே அவள்தான். பிள்ளை அவளுடைய அக்கா மகள். சொந்தக்காரர்களின் சாம்பிள் வந்தால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அவள் வாயைத் திறக்கவில்லை. என்னைவிடக் கவனமாக யார் செய்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. பக்கத்தில் ஓடவிட்ட ஆரோக்கியமான தசையில் கோடு தடிமனாக விழுந்திருந்தது. பிள்ளையின் தசையிலேயே மற்றப் புரதங்கள் சரியாக இருந்தன. அது ஒன்றுதான் இல்லை.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி, வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"நேத்தும் இதையேதானே சொன்னே?"

"மெஷின் கொஞ்சம் தகராறு பண்ணுது."

போனை வைத்ததும் ஃபிரீசரைத் திறந்து கலைத்தாள். அடித்தட்டில், யாரும் தொடாத ஒரு பெட்டியில், பழைய பாலிகுளோனல் ஆன்டிபாடி கொஞ்சம் மிச்சமிருந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்துவது மோனோகுளோனல். அதில் எல்லாம் ஒரே அச்சு. புரதத்தின் ஒரே ஓர் இடத்தை மட்டும் பிடிக்கும். பாலிகுளோனல் முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது. அது ஒரு கூட்டம். புரதத்தைப் பல இடங்களில் பிடிக்கும், சமயத்தில் வேண்டாததையும் பிடித்துத் தொலைக்கும். அதனால்தான் ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளையின் புரதத்தில் அந்த ஒரே ஓர் இடம் மட்டும் இல்லாமல் போயிருந்தால்?

மறுநாள் மதியம் திரையில் கோடு தெரிந்தது. இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, அதாவது வழக்கத்தைவிடச் சிறிய புரதம். கூடவே அழுக்குபோல நாலைந்து கோடுகள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இது எத்தனாவது தடவை?"

பின்னால் தலைமை டாக்டரம்மா.

"நாலாவது, மேடம்."

"ஒரு சாம்பிளுக்கு நாலு தடவையா? யாரு இந்தப் பொண்ணு?"

"அக்கா மக."

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. "முயல் ஆன்டிபாடி எதைக் காட்டினாலும் ஆமாம் போடும். இது அந்தப் புரதம்தான்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

"முடியாது."

"கையுறையைக் கழட்டு."

வேலை இன்னொரு டெக்னீஷியனிடம் போனது. எதற்கும் முகம் மாறாததால் அவருக்குக் 'கல்லு' என்று பெயர். புரதத்தின் மறுமுனையைப் பிடிக்கும் வேறொரு மோனோகுளோனலை அடுத்த கூடத்திலிருந்து வாங்கிவந்தார்கள். யாருடைய சதை என்று அவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். அக்காவின் போனை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் அக்காவே வந்து நடைபாதையில் மடக்கினாள்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லித் தொலை. மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்காத."

"மூணு தடவை பாத்தேன்க்கா. மூணு தடவையும் இல்ல. நாலாவது தடவை ஒண்ணு தெரிஞ்சுது. ஆனா என் ஆசைக்குத் தெரிஞ்சுதோ என்னமோ. நம்ப முடியாது."

"மெஷின் தகராறுன்னியே!"

அக்கா அவள் தோளில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடிக்குக் கை எழும்பவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோயாளிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மேசையில் கல்லு எடுத்த படம் இருந்தது. அழுக்கு எதுவுமில்லை. ஒரே ஒரு மெல்லிய கோடு, அதே கீழான இடத்தில்.

"புரதம் இருக்கும்மா. நடுவுல ஒரு துண்டு மட்டும் இல்ல. நாங்க வழக்கமாப் போடற ஆன்டிபாடி பிடிக்கிற இடம் அந்தத் துண்டுலதான் இருக்கு. நோய் இல்லன்னு சொல்லல. ஓட முடியாது, மாடி ஏறத் திணறுவா. ஆனா நடப்பா. ரொம்ப வருஷம் நடப்பான்னு நினைக்கிறேன். ஜீன் டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்திக்கலாம்."

"அப்போ நான் சந்தோஷப்படணுமா டாக்டர்?"

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

பிறகு தங்கையிடம் திரும்பி, "ஒரு மாசம் எந்தச் சாம்பிளையும் தொடக்கூடாது. நடந்ததை எழுதிக்குடு" என்றார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் அக்கா முகத்தைக் கழுவி, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"பிள்ளைகிட்ட யாருடி சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ அழுவே."

"அழுதுட்டே சொல்றேன். வா."