வில்ஃபின் முதுகு

சவரம் செய்யும்போது என் கணவர் வில்ஃப் காதுக்குக் கீழே வெட்டிக்கொண்டார். செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து நான்தான் ரத்தத்தின் மேல் ஒட்டினேன்.

"வலிக்குதா?"

"நான் ஆல்டர்ஷா ஆளு," என்றார்.

அந்தப் பதில் அப்போது எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் இருந்தது. ஞாயிறு மதியம் வானொலியில் வரும் நகைச்சுவைத் தொடர் ஒன்றில், ஊசி போட வரும் நர்ஸிடம் வலிக்குமா என்று நோயாளி கேட்பான். "நீ எந்த டீமு?" என்பாள் அவள். "ஆல்டர்ஷா டவுன்." "அப்ப உனக்கு வலிக்காது." நாடே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பல் பிடுங்கப் போகும்போதும் பிரசவத்துக்குப் போகும்போதும் அதையே சொல்லிக்கொண்டோம். எப்போதும் தோற்கிற எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பின் பெயரை லண்டனில் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

வில்ஃப் நீல மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். புதினா மிட்டாய் பொட்டலம் கோட்டுப் பையில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். ஆட்டம் முடிந்து வரும் நேரத்துக்குத் தேநீர் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டம் முடிந்து வரும் வழியில், கால்வாய்ப் பாலத்தின் மேல், சுவரில் சாய்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். கூட இருந்தவர் சிரில். பஸ் கண்டக்டர். சின்ன வயதிலிருந்து இருவரும் மைதானத்தில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அவர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், பாதி காலியான மிட்டாய் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"வலிச்சுதா, சிரில்?"

அவர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் ஆல்டர்ஷா ஆளு, மேவிஸ். வலிச்சிருக்காது."

அதன் பிறகு என் முன்னால் யாரும் அந்த நகைச்சுவையைச் சொல்லவில்லை.

புகைப்படங்களில் வில்ஃப் கிடைக்கவில்லை. கல்யாணப் படத்தில் கண்ணை மூடியிருக்கிறார். கடற்கரைப் படத்தில் என் தொப்பி பறந்து அவர் முகத்தை மறைக்கிறது. மற்றவற்றில் எல்லாம் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குகிறவரைப் போல விறைப்பாக நிற்கிறார். எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. சிரிப்பதற்கு முன் அவருடைய கீழுதட்டின் இடது ஓரம் கொஞ்சம் இறங்கும். அழப் போகிறார் என்றுதான் தோன்றும். பிறகுதான் சிரிப்பு வரும். அதை ஒரே ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அசையும் வில்ஃப் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தார். ஒரு சினிமாவில். அதிலும் முதுகைக் காட்டிக்கொண்டு.

அவர் இறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன் எங்கள் மைதானத்தில் படம் எடுக்க வந்தார்கள். கதையில் அது கிரிம்லி ரோவர்ஸின் மைதானம். கிரிம்லி மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஊர். எங்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அவர்களுடைய மைதானம் புதுசாகப் பளபளத்ததால், எங்கள் பழைய மரக் கூரைதான் படத்துக்குப் பொருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் ஆட்களையே கூட்டமாக நிற்கவைத்து, கழுத்தில் கிரிம்லியின் மஞ்சள் மஃப்ளரையும் போட்டார்கள். நான் அங்கே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கொடி ஆடினதும் நீங்களும் குதிக்கணும்," என்றாள் படக்காரப் பெண் ஒருத்தி. "கோல் விழுந்துடுச்சுன்னு அர்த்தம்."

"யாரு போட்ட கோல்?" என்றார் வில்ஃப்.

"கிரிம்லி."

"யாருக்கு எதிரா?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "ஆல்டர்ஷா."

"முட்டி வலிம்மா. குதிக்க முடியாது."

"டேய், போன வாரம் நம்ம டீம் பையன் கோல் போட்டப்ப என் தோள்மேல ஏறுனியே," என்றார் சிரில். "அப்ப முட்டி எங்க போச்சு?"

"அது நம்ம கோலு."

"இது சினிமாடா. பந்தே கிடையாது. தொப்பி போட்ட ஒருத்தன் கொடிய ஆட்டுறான், அவ்வளவுதான்."

"பந்து இல்லாமலே கிரிம்லி நமக்குக் கோல் போடுறான். அதுக்கு நான் குதிக்கணுமா?"

கொடி ஆடியது. கூட்டம் முழுக்கக் குதித்தது, சிரிலும்தான். வில்ஃப் மட்டும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே முதுகு. அவரை வெளியே அனுப்பினால் நடுவில் பள்ளம் தெரியும், முன்பு எடுத்ததோடு ஒட்டாது என்றார் கேமராக்காரர். அப்படியே விட்டுவிட்டார்கள்.

படம் வந்தபோது ஊர்க் கொட்டகையில் அந்த முதுகுக்குக் கைதட்டல் விழுந்தது. முடிவெட்டுகிறவர், "பின்பக்கத்த ஒழுங்கா வெட்டணும், நடிகராச்சே," என்றார். "என் நல்ல பக்கமே அதுதான்," என்றார் வில்ஃப்.

அவர் போன பிறகு கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் படம் டிவியில் வர ஆரம்பித்தது. நான் பெட்டிக்கு மிக அருகில் உட்காருவேன். ஒரு வருடம், அந்தக் காட்சி வந்ததும் எழுந்து பெட்டியின் பக்கவாட்டில் போய் நின்று எட்டிப் பார்த்தேன். வில்ஃபின் தங்கை டோரீன் என்னைக் கேலி செய்யவில்லை. "அங்கேருந்து தெரியுதா?" என்று மட்டும் கேட்டாள்.

கிளப்பின் நூற்றாண்டு வந்தது. அந்தப் படத்தில் வேலை செய்த ஒருவர், உபயோகிக்காமல் வெட்டிப்போட்ட துண்டுகளைக் கிளப்புக்குக் கொடுத்தார். சிரில் ஓடி வந்தார்.

"யோசிச்சுப் பாரு மேவிஸ். திரும்பணும்னா முன்னாடி நேரா நின்னுருக்கணும்ல? கொடி ஆடறதுக்கு முன்னாடி. அது அதுல இருக்கும்."

நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஞாயிறு மதியம், ரசிகர் சங்கக் கூடம். படத்துண்டுகளில் சத்தம் இல்லை. எண் எழுதிய பலகை ஒன்று கேமரா முன்னால் வந்தது, விலகியது. கூட்டம் இன்னும் குதிக்கவில்லை. கொடிக்காகக் காத்துக்கொண்டு நின்றது. வில்ஃப் அதற்கு முன்பே திரும்பியிருந்தார்.

"கொடியக்கூட பாக்கலயா பாவி," என்று சிரில் முணுமுணுத்தார்.

அடுத்ததிலும் முதுகு. அதற்கடுத்ததிலும். கூடம் பிரியத்தோடு சிரித்தது. நான் கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசித் துண்டில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது போலிருந்தது. ஆட்கள் சிகரெட் பற்றவைத்தார்கள். படத்தின் ஓரத்தில் ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி கோப்பைத் தட்டோடு வந்தாள். நான்தான். அவ்வளவு இளைத்திருந்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அந்த முதுகைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள். முதுகு அசைந்தது. முதலில் தொப்பியின் விளிம்பு, பிறகு காது, கன்னம். கீழுதட்டின் இடது ஓரம் இறங்கியது.

அதோடு துண்டு தீர்ந்து திரை வெளுத்துவிட்டது.

சிரில் எழுந்து நின்று, இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டார்கள். அதே இடத்தில் வெளுத்தது.

"என்ன சொன்ன அவன்கிட்ட?" என்று வெளியே வரும்போது கேட்டார்.

"தெரியல, சிரில்."

இன்றுவரை தெரியவில்லை. தேநீர் ஆறிவிடும் என்று சொல்லியிருப்பேன். மஞ்சள் மஃப்ளர் உனக்கு நன்றாக இருக்கிறது என்று சீண்டியிருப்பேன். பாத்திரம் கழுவும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன், எதற்கு அவர் அப்படிச் சிரிக்கத் தொடங்கியிருப்பார் என்று.

படம் இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வருகிறது. கிரிம்லி ஒன்று, ஆல்டர்ஷா பூஜ்யம். அந்தக் கோலை வில்ஃப் இன்னும் பார்க்கவில்லை.