களத்தில் படித்த கதை

என் மகள் பொன்னழகு எட்டாவது படிக்கும்போது ஒரு கதை எழுதினாள். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். புதுவயல் ரைஸ்மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் காயப்போடும் எங்கள் கூட்டத்தில் வேறு யார் மகள் கதை எழுதினாள்?

எழுதச் சொன்னது யூஜினியா டீச்சர். மில் வேலைக்காரர்களின் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் உட்காரவைத்து, காரைக்குடியிலிருந்து கொண்டுவரும் புத்தகங்களைப் படிக்கக் கொடுப்பார். "இப்ப நீங்களே ஒண்ணு எழுதுங்க" என்பார். எழுதித் தன்னிடம் காட்டினால் மட்டும் போதாதாம். "உங்க ஆளுககிட்டப் படிச்சுக் காட்டு. யாரும் பாதியில எந்திரிச்சுப் போகலைன்னா அது கதை" என்று சொல்லிவிட்டார்.

பொன்னழகு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்:

"எந்திரிச்சுப் போயிட்டாகன்னா இனிமே எழுதவே மாட்டேம்மா."

எனக்கும் பயம்தான். எங்கள் கூட்டத்துக் கருப்பி இருக்கிறாளே, சாமியாடியிடமே "வெரசா முடிங்க" என்று சொல்லக்கூடியவள்.

அரைப்பரீட்சை லீவில், சாப்பாட்டு நேரத்தில் களத்துக்கு வந்து படித்தாள். கதையில், மில்லில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். களம் நிறைய நெல் கிடக்கிறது, மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது. நெல்லை அள்ளுவதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? அந்த இடத்தில் மில் சங்கு ஊதிவிட்டது. எல்லாரும் எழுந்து போனார்கள். பொன்னழகுக்கு முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் மீதியைப் படிக்க வந்தாள். குழந்தை செத்துப்போவதாக எழுதியிருந்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் கருப்பி சேலை முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மாரியம்மன் கோயில் துன்னூறு.

"இந்தா, அந்தப் பச்சப்புள்ளைக்கு."

"அயித்தை, அது கதையில வர்ற புள்ள."

"தெரியும்டி. எனக்கென்ன கிறுக்கா? அது உசுரு உன் கையிலதான இருக்கு?"

சொல்லிக்கொண்டே பொன்னழகின் வலது கையை இழுத்து, விரல்களில் அழுத்திப் பூசிவிட்டாள்.

பொன்னழகு கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்தை அடித்துவிட்டு, சாக்கின் மேல் உட்கார்ந்து புதிதாக எழுத ஆரம்பித்தாள். சங்கு ஊதியது. ஒருத்தியும் அசையவில்லை.

கணக்கப்பிள்ளை குமரப்பன் கத்திக்கொண்டே வந்தார். "என்னங்கடி, வேலைக்கு வர்ற எண்ணம் இல்லையா?"

கருப்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செத்தப் பொறுங்கய்யா. புள்ள எழுதிக்கிட்டு இருக்காள்ல."

"யாரு புள்ள இது?"

நான் எழுந்து நின்றேன்.

"எம் மக" என்றேன். களம் முழுக்கக் கேட்டிருக்கும்.